ஐக்யூஏசி பொறுப்பும் நாக் கோப்புகளும்
வணக்கம். கல்லூரியில் ஐக்யூஏசி எனப்படும் உள் தர உறுதிப்பாட்டுக் குழுவின் ஒருங்கிணைப்பாளராகியுள்ள தாங்கள், நாக் (தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவை) குழு வருவதற்குள் கோப்புகளைத் திரட்டுவதுதான் தர உறுதிப்பாடா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 1994இல் அமைத்த நாக், வெளியிலிருந்து மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் அமைப்பு. ஆண்டு முழுவதும் கற்பித்தலைக் கவனித்துச் சீர்செய்ய வேண்டியது கல்லூரிக்குள் இருக்கும் தங்கள் குழுவே.

ஒரு தாளில் மூன்றாம் அலகின் வினாக்களை மட்டும் மாணவர் பலர் எழுதாமல் விட்டிருந்தால், அகமதிப்பீட்டுத் தேர்வு முடிந்த வாரமே துறைக் கூட்டத்தில் காரணத்தைக் கேட்டறிந்து, அந்த அலகை மீண்டும் நடத்தச் செய்து, அடுத்த தேர்வில் மாற்றம் தெரிகிறதா என்று பாருங்கள். இதைத்தான் நான் தர உறுதிப்பாடு என்பேன். மாணவர்களின் கருத்துப் படிவங்களை வாங்கி அடுக்கி வைப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. எடுத்த நடவடிக்கையை அவர்களிடமே தெரிவியுங்கள். இவற்றை அவ்வப்போது பதிவு செய்துவந்தால், ஆண்டுத் தர அறிக்கைக்குச் சான்றுகளைத் தனியே தேட வேண்டியிருக்காது.