பங்காளியே போட்டியாளர் என்றால்?

கேள்வி: வெளிநாட்டு நிறுவனத்தோடு கூட்டாகக் கம்பெனி தொடங்குகிறோம். வேறு சந்தைகளில் அவர்களே எங்களுக்குப் போட்டி. எதைச் சொல்வது, எதை மறைப்பது?

பதில்: பயம் நியாயமானதுதான். ஆனால் எதை மறைப்பது என்பதற்கு முன்னால், வேலையை எங்கே பிரிப்பது என்று பாருங்கள். 1974-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பிரான்சின் ஸ்னெக்மாவும் பாதிக்குப் பாதி சேர்ந்து சிஎஃப்எம் என்ற விமான எஞ்சின் கம்பெனியைத் தொடங்கினார்கள். எரிபொருள் எரிகிற நடுப்பகுதி அமெரிக்கர்களுக்கு, முன்னால் சுழலும் பெரிய விசிறி பிரெஞ்சுக்காரர்களுக்கு. லாபத்தை அல்ல, வருமானத்தைப் பங்கிட்டார்கள், அவரவர் செலவு அவரவருக்கு. அதனால் உன் செலவுக் கணக்கைக் காட்டு என்ற சண்டைக்கே பெரிதாக இடமில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

கலிபோர்னியாவில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய நம்மி கார் தொழிற்சாலை வேறு மாதிரி. அங்கே தயாரான கார்களில் சில ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பெயரிலும் சில டொயோட்டா பெயரிலும் போய், கடையில் ஒன்றோடொன்று மோதின. அங்கே நிஜமான போட்டி, யார் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள் என்பதில்தான். அதனால் கூட்டுக் கம்பெனிக்கு நல்ல ஆட்களை அனுப்புங்கள், திரும்பி வந்ததும் அவர்கள் கற்றதை உங்கள் தொழிற்சாலையில் செய்து பார்க்க விடுங்கள். அப்புறம், பிரிந்தால் வடிவமைப்பு யாருக்கு என்பதை உறவு நன்றாக இருக்கும் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.