பி.எஸ்சி. இயற்பியலில் தொடங்கி பிஎச்.டி. வரை பாடம் எப்படி மாறும், எப்படிப் படிப்பது?

கேள்வி இது: "பி.எஸ்சி. இயற்பியல் முதல் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. எம்.எஸ்சி., பிஎச்.டி. வரை போக ஆசை. போகப் போகப் பாடம் எப்படி இருக்கும்? இப்போதே எப்படிப் படிக்க ஆரம்பிக்க வேண்டும்?"

நானும் ஒரு சிறிய ஊரின் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தவன்தான். பிறகு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்து, இப்போது பி.எஸ்சி. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். இத்தனை வருடம் பார்த்ததில் உறுதியாகச் சொல்வேன்: இயற்பியலில் அடிப்படையான விஷயங்கள் கொஞ்சம்தான். அவையே திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் இன்னும் கனமான கணிதத்தோடு. அந்தக் கணிதத்தைத் தன் கையால் போட்டுப் பழகியவர்கள் மேலே போய்விடுகிறார்கள். விடையைப் பார்த்துத் தலையாட்டியதோடு நிறுத்தியவர்கள் எம்.எஸ்சி. முதல் செமஸ்டரில் திணறுகிறார்கள்.

தனி ஊசலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் ஒன்னில் நூலின் நீளமும் புவியீர்ப்பு முடுக்கமும் தெரிந்தால் அலைவு நேரத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று படித்தீர்கள். "வீச்சு சிறியதாக இருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனையும் இருந்திருக்கும், யாரும் அதைக் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். இப்போது பி.எஸ்சி.யில் அந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பீர்கள். ஊசலின் வகைக்கெழுச் சமன்பாட்டில் கோணத்தின் சைன் வருகிறது. கோணம் சிறியதென்றால் சைனுக்குப் பதில் கோணத்தையே போட்டுவிடலாம், கணக்கு எளிதாகிவிடும். 20 டிகிரி வீச்சில் இதனால் வரும் பிழை முக்கால் சதவீதம்தான். 90 டிகிரியில் விட்டால் உண்மையான அலைவு நேரம் சூத்திரம் சொல்வதைவிட 18 சதவீதம் அதிகம்.

எம்.எஸ்சி.யில் இதே ஊசல் லெக்ராஞ்சியன் முறையில் வரும். விசை என்ற பேச்சே இல்லாமல், இயக்க ஆற்றலையும் நிலையாற்றலையும் மட்டும் வைத்து இயக்கச் சமன்பாட்டை எழுதுவீர்கள். ஓர் ஊசலின் முனையில் இன்னோர் ஊசலைத் தொங்கவிட்டுப் பெரிய வீச்சில் ஆடவிட்டால், தொடக்கத்தில் மயிரிழை மாறினாலும் பின்னால் வரும் ஆட்டம் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். இதைத்தான் கேயாஸ் என்கிறார்கள். இந்தத் துறையில் நம் திருச்சிக்கு ஒரு பெயர் உண்டு. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். லட்சுமணன் வளர்த்தெடுத்த நான்லீனியர் டைனமிக்ஸ் (நேரியல்பற்ற இயக்கவியல்) மையம் அது. முரளி, லட்சுமணன், சுவா மூவரும் 1994இல் வெளியிட்ட மின்சுற்றில் ஒரு மின்தடை, ஒரு மின்தூண்டி, ஒரு மின்தேக்கி, ஒரு நேரியல்பற்ற டயோடு, ஒரு மாறுதிசை மின்மூலம், அவ்வளவுதான். அதிலேயே கேயாஸைப் பார்த்துவிடலாம். பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஆர்வமுள்ள ஆசிரியர் இருந்தால் ஆஸிலாஸ்கோப்பில் போட்டே காட்டலாம்.

குவாண்டம் வகுப்பில் சிறிய வீச்சு ஊசல் சீரிசை அலையியற்றி என்ற பெயரில் மறுபடி வந்து நிற்கும். இப்போது அதன் ஆற்றல் சம இடைவெளி கொண்ட படிகளில் மட்டுமே இருக்கும், கீழ்ப்படியிலும் பூஜ்யம் ஆகாது. பிஎச்.டி.யில் குவாண்டம் புலக் கோட்பாடு எடுத்தால், வெற்றிடத்தில் ஒளியின் ஒவ்வோர் அலைவகையும் அப்படி ஓர் அலையியற்றிதான். எத்தனையாவது படியில் நிற்கிறது என்பதுதான் அந்த வகையில் எத்தனை ஃபோட்டான்கள் இருக்கின்றன என்ற கணக்கு. அதனால் முதல் செமஸ்டர் மெக்கானிக்ஸை "ஸ்கூல்ல படிச்சதுதானே" என்று விட்டுவிடாதீர்கள். அங்கே வைக்கும் அஸ்திவாரத்தின் மேல்தான் எல்லாம் நிற்கிறது.

சரி, எப்படிப் படிப்பது? முதலில் பி.எஸ்சி. தேர்வு எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான இணைப்புக் கல்லூரிகளில் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. ஐந்து மார்க், பத்து மார்க் கேள்விகள் எல்லாம் டெரிவேஷன்கள். பழைய வினாத்தாள்களைப் பார்த்து இருபது டெரிவேஷனை மனப்பாடம் செய்தால் முதல் வகுப்பு வந்துவிடும். அந்த மார்க்கை நம்பி நீங்கள் இயற்பியல் படித்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள்.

என் வகுப்பில் அடிக்கடி கொடுக்கும் ஒரு கணக்கு. ஊசலின் நூலைக் கிடைமட்டமாகப் பிடித்து விட்டுவிடுகிறோம். குண்டு கீழ்ப்புள்ளிக்கு வரும்போது நூலில் இழுவிசை எவ்வளவு? ஆற்றல் மாறாமையை வைத்து வேகத்தைக் கண்டுபிடித்து, வட்ட இயக்கத்துக்கான விசையைச் சேர்த்தால் விடை குண்டின் எடையைப் போல மூன்று மடங்கு. நூலின் நீளம் விடையில் இல்லவே இல்லை. ஏன் இல்லை? நீளம் கூடினால் வேகமும் கூடுகிறது, வட்டமும் பெரிதாகிறது, இரண்டும் சரியாக ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. இனி இதையே, புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி முடுக்கத்தோடு மேலே ஏறும் லிஃப்டுக்குள் செய்தால்? நாலரை மடங்கு. ஊசல் டெரிவேஷனைப் பிழையில்லாமல் எழுதும் பிள்ளைகள் பலர் இதில் நின்றுவிடுகிறார்கள். சொல்லிக் கொடுத்த பிறகு "இவ்வளவுதானா சார்" என்பார்கள். இவ்வளவுதான், ஆனால் அந்த வழியை நீங்களே தேடியிருக்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் இப்படிக் கணக்குக்கு ஒதுக்குங்கள். ஒரு கணக்கில் அரை மணி நேரமாவது தானே முட்டி மோதாமல் விடைப்பக்கத்தைத் திறக்கக் கூடாது.

அல்லைடு கணிதத்தை மேஜருக்கு இணையாகப் படியுங்கள். நான் எல்லா மாணவர்களிடமும் சண்டை போடும் விஷயம் இது. வகைக்கெழுச் சமன்பாடு, வெக்டர் கால்குலஸ், அணிகளின் ஐகன் மதிப்புகள், கலப்பெண்கள், ஃபூரியர் தொடர், இந்த ஐந்தும் கையோடு இருந்தால் எம்.எஸ்சி. பாதி சுமை குறையும். ஸ்பிரிங்கால் இணைத்த இரண்டு ஊசல்கள் எந்தெந்த அதிர்வெண்ணில் ஆடும் என்று கண்டுபிடிக்க ஐகன் மதிப்பு வேண்டும். அதே கணிதம்தான் அணுவின் ஆற்றல் மட்டங்களுக்கும்.

அடுத்து லேப். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் கல்லூரிகளில் அதிகம் வீணாவது இதுதான். நிறமாலைமானியில் முப்பட்டகத்தை வைத்து, சோடியம் விளக்கின் மஞ்சள் கோட்டைத் தொலைநோக்கியில் பிடித்துக்கொண்டு மேசையை மெல்லத் திருப்புவீர்கள். கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, பிறகு வந்த வழியே திரும்பும். அந்தத் திரும்பும் புள்ளிதான் சிறும திசைமாற்றக் கோணம். முப்பட்டகக் கோணம் 60 டிகிரியாக இருந்து, இந்தக் கோணம் 37 டிகிரியைக் கொஞ்சம் தாண்டி வந்தால் ஒளிவிலகல் எண் 1.5. இதை எல்லோரும் செய்கிறோம். யாரும் கேட்காத கேள்வி, இந்த விடையை எத்தனை தசம இடம் வரை நம்பலாம் என்பது. வெர்னியரில் ஒரு நிமிடம் தப்பினால் ஒளிவிலகல் எண்ணில் நான்காவது தசமத்தில் 2 மாறுகிறது. கோடு திரும்பும் புள்ளியைக் கண்ணால் தீர்மானிப்பதில் சில நிமிடங்கள் பிசகும். அப்படியானால் கால்குலேட்டர் காட்டுகிறது என்று ஆறு தசம இடம் எழுதுவதில் அர்த்தமே இல்லை. இந்த ஒரு கணக்கை ரெக்கார்டு நோட்டில் எழுதிப் பாருங்கள், கருவியின் மேல் உங்களுக்குத் தனி மரியாதை வரும்.

விடை இவ்வளவு வர வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு ரீடிங்கைப் பின்னோக்கி எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதில் தயவுசெய்து விழாதீர்கள். ஆராய்ச்சியில் நீங்கள் அளக்கப்போவதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை இருக்காது. ரீடிங் மேலும் கீழுமாக வரும்போது அது கருவியின் கோளாறா, உங்கள் கையா, உண்மையிலேயே புதிதாக ஏதாவதா என்று பிரித்தறிவதுதான் அங்கே வேலையே.

பாடத்திட்டத்துக்கு வெளியே படிப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் அவரைப் போய்ச் சந்தித்து, அவருடைய அணு இயற்பியல் நூலைப் படித்திருப்பதாகச் சொன்னார். அந்த நூலுக்குப் பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், உலோகங்களின் எலக்ட்ரான்கள் பற்றிய தன் புதிய கட்டுரையின் அச்சுப் படியை அவரிடம் கொடுத்தார். மாணவர் அதை வைத்து, எலக்ட்ரான்கள் ஆற்றல் மட்டங்களில் எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்லும் ஃபெர்மி-டிராக் புள்ளியியலைக் கற்று, மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை வெளியிட்டார். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில், அதே புள்ளியியலோடு சார்பியலைச் சேர்த்து, எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ள விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டார். இன்று அதைச் சூரியனைப் போலச் சுமார் 1.4 மடங்கு என்கிறோம். 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய அறிவு எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் கையில் கிடைத்த கட்டுரையை வரிவரியாகக் கணக்குப் போட்டுப் படிப்பது உங்களாலும் முடியும். இன்று அதற்கு யாரும் கப்பலில் வரத் தேவையில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணனின் வகுப்புகள் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் வீடியோவாக இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாம் ஆண்டு முடிந்ததும் ஆரம்பியுங்கள். நோட்டும் பேனாவும் இல்லாமல் பார்க்காதீர்கள்.

எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.களில் சேர ஜாம் தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். பாடங்கள் எல்லாம் நீங்கள் பி.எஸ்சி.யில் படிப்பவைதான், கேட்கும் விதம்தான் வேறு. மூன்றாம் ஆண்டில் கோச்சிங் தேடி ஓடுவதைவிட இப்போதிருந்தே அந்தந்த செமஸ்டர் பாடத்துக்கான ஜாம் கேள்விகளைப் போட்டு வருவது மேல். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு கியூட் பி.ஜி. என்ற நுழைவுத் தேர்வு உண்டு. கோட்பாட்டு இயற்பியலில் ஆர்வம் இருந்தால் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தை மனத்தில் வையுங்கள், அங்கே ஜெஸ்ட் தேர்வு வழியாகப் போகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்திலும் கோட்பாட்டு இயற்பியலுக்கும் அணுக்கரு இயற்பியலுக்கும் தனித்தனித் துறைகள் இருக்கின்றன.

எம்.எஸ்சி.யின் முதுகெலும்பு நான்கு பாடங்கள்: கிளாசிக்கல் மெக்கானிக்ஸ், எலக்ட்ரோடைனமிக்ஸ், குவாண்டம் மெக்கானிக்ஸ், ஸ்டாடிஸ்டிகல் மெக்கானிக்ஸ். பி.எஸ்சி.யில் அரைப்பக்கத்தில் முடிந்த கணக்கு இங்கே ஐந்து பக்கம் போகும். மூன்றாம் பக்கத்தில் ஒரு குறி தவறினால் மறுபடி முதலிலிருந்து. இதில் தனியாக உட்கார்ந்து மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று நண்பர்களோடு ஒரு கரும்பலகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுத மற்றவர்கள் "இந்த வரி எப்படி வந்தது?" என்று கேட்க வேண்டும். நான் உருப்படியாகக் கற்றது பெரும்பாலும் அப்படித்தான்.

அப்புறம் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023இல் உயர்த்திய தொகை இது. வீட்டில் "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பே?" என்று கேட்கும்போது பதில் சொல்ல இந்தப் பணம் உதவும், அதனால் தேர்வை அலட்சியம் செய்யாதீர்கள்.

பிஎச்.டி.க்கு நல்ல நிறுவனத்தைவிட நல்ல வழிகாட்டி முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. சேர்வதற்கு முன் அவரிடம் இப்போது ஆய்வு செய்யும் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை அவரோடு உட்கார்ந்து பேச முடிகிறது, முன்னால் சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இந்த இரண்டைக் கேட்டாலே நிறையத் தெரிந்துவிடும். கோட்பாடா, சோதனையா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். அறிவியல் அகாடமிகள் ஆண்டுதோறும் கொடுக்கும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருந்து பாருங்கள். வெற்றிட பம்ப் ஓடும் சத்தத்தில் இரவு முழுக்க அளவெடுப்பது பிடித்துப்போகிறவர்களும் உண்டு, அங்கிருந்து கணக்குக்கே திரும்புகிறவர்களும் உண்டு.

கடைசியாகத் தமிழ் வழி. என் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில் பலர் தமிழ் வழியில் வந்தவர்கள்தான். முதல் இரண்டு செமஸ்டர் வார்த்தைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். யோசிப்பதைத் தமிழிலேயே யோசியுங்கள், சந்தேகத்தையும் தமிழிலேயே கேளுங்கள். டெரிவேஷன் எழுதும்போது ஒவ்வொரு படிக்குப் பக்கத்திலும் அங்கே என்ன செய்தோம் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறிய வாக்கியம் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்பதும், பிற்பாடு பிஎச்.டி. நேர்காணலில் கேட்பதும் அந்த வாக்கியங்களைத்தான். ஜாம் வினாத்தாளும் ஆங்கிலத்தில் மட்டுமே வரும், அதனால் மூன்றாம் செமஸ்டரிலிருந்து கணக்குகளை ஆங்கிலத்திலேயே படித்துப் போட ஆரம்பித்துவிடுங்கள்.