ஃபிலிம் ஒட்டிய ஃபிரேமில் விரிசல்: வாரண்ட்டி போய்விடுமா?

கேள்வி: கார்பன் ஃபிரேம் கொண்ட மவுண்டன் பைக் வைத்திருக்கிறேன். ஃபிரேமுக்கு ஐந்து வருட வாரண்ட்டி உண்டு. கல்லடி படாமல் இருக்க, கண்ணாடி போன்ற பாதுகாப்பு ஃபிலிமை வாங்கி நானே வீட்டில் ஒட்டினேன். சோப்புத் தண்ணீர் தெளித்து, வளைவுகளில் ஹேர் டிரையர் சூடு காட்டி இழுத்து ஒட்டினேன். மேல்குழாயில் மட்டும் ஓரத்தை ஃபிரேமின் மேலேயே பிளேடால் வெட்டினேன். சமீபத்தில் டவுன்டியூபில் (முன்பக்கத்திலிருந்து பெடல் அச்சுக்குச் சாய்ந்து இறங்கும் குழாய்), பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட்டுக்குச் சற்று மேலே, ஃபிலிமுக்கு அடியில் விரிசல் தெரிந்தது. 'ஃபிரேமை மாற்றியமைத்துவிட்டீர்கள், வாரண்ட்டி செல்லாது' என்று கம்பெனி மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. மறுபரிசீலனை வேண்டுமானால் ஃபிலிமை முழுவதும் உரித்துவிட்டு அனுப்பச் சொல்கிறார்கள். மேல்குழாயில் உரித்துப் பார்த்தேன், பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது. ஃபிலிம் பாக்கெட்டில் 'பெயிண்டைப் பாதிக்காது' என்றுதான் போட்டிருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

பதில்: முதல் வேலை, டவுன்டியூபில் மிச்சமிருக்கும் ஃபிலிமில் கை வைக்காதீர்கள். இந்தத் தகராறில் உங்கள் பக்கம் பேசக்கூடிய முக்கியமான சாட்சி அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். கார்பன் ஃபிரேமில் விரிசல் என்றதும் எதிர்தரப்பு வழக்கமாகச் சொல்வது, 'கல்லில் இடித்திருப்பார், கீழே போட்டிருப்பார்' என்பது. வெளியிலிருந்து பலமான அடி விழுந்திருந்தால் மேலே இருக்கும் ஃபிலிமில் கீறலோ கிழிசலோ அழுத்தத் தடமோ பெரும்பாலும் இருக்கும். விரிசலுக்கு நேர் மேலே ஃபிலிம் முழுசாக, வழவழப்பாக இருக்கிறது என்றால், அடி வாதம் பலவீனமாகிவிடும். அதை உரித்துவிட்டு அனுப்பினால் உங்கள் ஆதாரத்தை நீங்களே குப்பையில் போட்டதாகிவிடும். உரித்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் முன்னிலையில், வீடியோ எடுத்து உரிக்கட்டும். இதைப் பதில் மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள், தொலைபேசியில் பேசிவிட்டு விடாதீர்கள்.

இன்றே படம் எடுங்கள். அளவுகோலை விரிசல் பக்கத்தில் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், ஃபிலிமின் ஓரம் எங்கே முடிகிறது, விரிசல் எங்கே தொடங்குகிறது என்பது ஒரே படத்தில் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியது போதாது, கைபேசியில் உள்ள அசல் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். அப்புறம், அந்த சைக்கிளை ஓட்டாதீர்கள். விரிசல் விட்ட கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். சட்டப்படியும், தெரிந்தே ஓட்டிச் சேதத்தைப் பெரிதாக்கினார் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

சரி, கம்பெனி சொல்லும் 'மாற்றியமைத்தல்' நிற்குமா? என் பார்வையில், ஃபிலிம் ஒட்டியது மட்டும் அந்தச் சொல்லுக்குள் வராது. துளை போடுவது, அறுப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபெயிண்ட் அடிப்பது, பொருந்தாத ஃபோர்க் மாட்டுவது எல்லாம் மாற்றியமைத்தல். ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத ஒட்டுத்தாள் ஃபிரேமின் அமைப்பை எப்படி மாற்றும்? கைபேசிக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டினால் கைபேசியையே மாற்றிவிட்டதாக யாரும் சொல்வதில்லையே. வாரண்ட்டி வாசகம் இரண்டு பொருள் தருமானால், அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்வது ஒப்பந்தச் சட்டத்தில் நிலைத்த கோட்பாடு. உங்கள் சைக்கிளின் செயின்ஸ்டேயையும் (செயினை ஒட்டிப் பின்சக்கரத்துக்குச் செல்லும் குழாய்) டவுன்டியூபின் அடிப்பகுதியையும் பாருங்கள். கம்பெனியே அங்கே பாதுகாப்புப் பட்டை ஒட்டித் தந்திருந்தால் பிரமாதம், அதையும் படம் எடுங்கள். பயனர் கையேட்டில் ஃபிலிம் கூடாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்பதையும் பக்கம் பக்கமாகப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் பலவீனம் பிளேடு. அதை மறைக்க வேண்டாம். ஃபிரேமின் மேல் வைத்து வெட்டும்போது பிளேடு கிளியர் கோட்டை (பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சை) தாண்டி கார்பன் நார் வரை இறங்கினால் அந்த இடம் உண்மையிலேயே பலவீனமாகும். ஆனால் நீங்கள் வெட்டியது மேல்குழாயில், விரிசல் டவுன்டியூபில். இந்த இடைவெளிதான் உங்கள் வாதம், முதல் கடிதத்திலேயே நீங்களே சொல்லிவிடுங்கள். சூட்டைப் பற்றியும் கேட்பார்கள். ஹீட் கன் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும், கார்பன் ஃபிரேமில் நாரைப் பிடித்து வைத்திருக்கும் ரெசினுக்கு (பிசினுக்கு) அது ஆபத்து. ஹேர் டிரையர் அந்த ரகம் இல்லை. எதைப் பயன்படுத்தினீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் ஃபிரேம் விரிசலும் பெயிண்ட் உரிந்ததும் இரண்டு தனிப் பிரச்சினைகள், போட்டுக் குழப்பாதீர்கள். விரிசல் என்பது பொருளில் குறைபாடு, வாரண்ட்டியை மறுத்தது சேவைக் குறைபாடு. இவை சைக்கிள் கம்பெனி மீதும் விற்றவர் மீதும். அவர்கள் பிரிவு 87-ஐக் காட்டலாம். பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்கு (குறைபாடுள்ள பொருளால் ஏற்பட்ட தீங்குக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு) போட முடியாது என்கிறது அது. பயப்பட வேண்டாம். 'பொருள் பொறுப்பு' வழக்கில் தீங்கு என்பதற்கான வரையறையே, அந்தப் பொருளுக்கு ஏற்பட்ட சேதத்தை விலக்குகிறது. நீங்கள் கேட்பது அந்த நிவாரணமே அல்ல, குறைபாடுள்ள ஃபிரேமுக்கு மாற்று ஃபிரேம்.

பெயிண்ட் விஷயம் நேர்மாறு. ஃபிலிம் என்ற பொருள் ஃபிரேம் என்ற வேறொரு சொத்தைச் சேதப்படுத்தியிருக்கிறது. பாக்கெட்டில் கொடுத்த உறுதிமொழிக்குப் பொருள் பொருந்தாவிட்டாலும், எச்சரிக்கையும் செயல்முறையும் போதாவிட்டாலும் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது பிரிவு 84. எனவே இது ஃபிலிம் தயாரிப்பாளர் மீது. ஆனால் உள்ளபடி சொல்கிறேன், இது கொஞ்சம் இழுபறியான கேஸ். பெயிண்டே ஃபிரேமில் சரியாகப் பிடிக்காமல் இருந்தது என்று அவர்கள் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கலாம். சூடு காட்டாமல் வேகமாக இழுத்தீர்களா என்றும் கேட்பார்கள். பாக்கெட்டையும் உரித்த ஃபிலிமையும், அதில் பெயிண்ட் ஒட்டியிருக்கும் பக்கத்தோடு, பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு தரப்புக்கும் தனித்தனியாக நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் பல கம்பெனிகள் நோட்டீஸ் வந்த பிறகே கடிதத்தைச் சரியாகப் படிக்கின்றன. இடையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்து வைக்கலாம். பலன் இல்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. மனுவிலேயே பிரிவு 38-இன் கீழ் ஆய்வகப் பரிசோதனை கேளுங்கள். ஆணையம் ஃபிரேமை முத்திரையிட்டு அனுப்பும், அறிக்கை 45 நாளில் வர வேண்டும், கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். பரிசோதனை உள்ள வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சைக்கிள் உங்கள் பெயரில் பில் போட்டு வாங்கியதா, வாரண்ட்டியைப் பதிவு செய்யக் கம்பெனி கேட்டிருந்தால் செய்தீர்களா என்பதையும் பாருங்கள். பல ஃபிரேம் வாரண்ட்டிகள் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். புகார் செய்ய இரண்டு வருடம் உண்டு. கம்பெனி மறுத்த தேதியிலிருந்து எண்ணாமல், விரிசலை நீங்கள் முதலில் பார்த்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.