துவக்கு (துப்பாக்கி) ரவையின் பித்தளைக் கோதை அச்சில் அழுத்தி வேறு அளவுக் கோதாக மாற்றலாம் என்கிறார்களே, பித்தளை பிளக்காதா?

மாற்றலாம். பிளக்கவும் செய்யும். என் மச்சான் இரண்டையும் பார்த்தவன்.

அவன் இருப்பது கனடாவில். மான் வேட்டைக்கு உரிமத்தோடு பழைய மவுசர் துவக்கு ஒன்று வைத்திருக்கிறான். அதன் கோது 57 மில்லிமீட்டர் நீளம். அவன் ஊர்க் கடையில் அது அரிதாகத்தான் வரும். தாராளமாகக் கிடைப்பது அமெரிக்கத் தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் ரவை, அதன் கோது 63 மில்லிமீட்டர். (அந்தச் சிக்ஸ் 1906ஆம் ஆண்டைக் குறிக்கிறது.) இரண்டுக்கும் அடிவிட்டம் ஏறக்குறைய ஒன்றுதான், 12 மில்லிமீட்டர். தாய்க் கோது, அதாவது மாற்றுவதற்கு எடுக்கும் கோது, தேடும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பாகத்தை) கீழே இறக்கலாம், மிஞ்சிய கழுத்தை வெட்டலாம். அடியை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் தடவை 20 கோதுகளுக்கு எண்ணெய் பூசி அச்சில் ஏற்றினான். ஆறு, கழுத்தில் நெடுக்காகப் பிளந்துவிட்டன. படத்தை எனக்கு அனுப்பினான். புதுக்குடியிருப்பில் முன்பு குடமும் விளக்கும் அடித்த பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக்கூடப் போடவில்லை, "நெருப்புக் காட்டாமல் அடிச்சிருக்கிறான்" என்றார்.

விஷயமே அதுதான். கோதுப் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30. அடிக்க அடிக்க, நெரிக்க நெரிக்க அது இறுகும். இறுகினபின் வளையாது, கீறும். சூடாக்கினால் திரும்ப இளகும். இரும்பைப் போலத் தண்ணீரில் தோய்த்தால் இறுகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், பித்தளை அப்படியில்லை. ஆனால் சூடு கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும். வெடிக்கும்போது அழுத்தத்தைத் தாங்குவது அடிப்பாகம். அது இளகினால் சுடுகிறவன் முகத்துக்கே ஆபத்து. மச்சான் இப்போது கோதுகளைத் தட்டில் நிறுத்தி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, விளக்கை அணைத்துவிட்டு, கோதின் வாயில் சுடர் காட்டுகிறான். மங்கலாகச் சிவப்புத் தெரிந்ததும் தண்ணீருக்குள் தட்டிச் சாய்த்துவிடுவான்.

அச்சிலிருந்து வந்ததும் வேலை முடிந்துவிடாது. புதுக் கழுத்து, முன்பு உடலாக இருந்த தடித்த சுவரிலிருந்து வருவது. அளந்து பார்த்து, தேவையானால் சுரண்ட வேண்டும்.

உள்ளே நின்றுபோகும் இறுக்கம் பிறகும் பழிவாங்கும். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ரவைகள் மழைக்காலத்தில் தாமாகவே கீறின. குதிரை மூத்திரத்து அமோனியாவும் ஈரமும் சேர்ந்த வேலை. அதற்கும் மருந்து இதே சூடுதான்.

நீங்கள் முல்லைத்தீவிலிருந்து, குளக்கட்டோரம் பொறுக்கின கோதுகளை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள். சண்டை முடிந்து நாங்கள் மீளக்குடியேறின புதிதில் பழைய இரும்பு வாங்க வருகிறவர், உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு வருவார். எங்கள் காணியில் பொறுக்கினதில் பாதி அதில் ஒட்டிக்கொண்டது. மேலே செம்பு பூசின இரும்பு. அச்சுக்கு அவை உதவாது. சுடாத ரவை, வேறு வெடிபொருள் எதுவும் அதே மண்ணில்தான் கிடக்கும். கண்டால் தொடாமல் கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

மச்சான் மாற்றின கோதுகளின் அடியில் இன்னும் பழைய பெயர்தான் பொறித்திருக்கிறது. அதனால் பெட்டியின் மேல் சிவப்பு மையால் பெரிதாக 'மவுசர்' என்று எழுதி வைத்திருக்கிறான், ஆங்கிலத்திலும் தமிழிலும்.