நாக்கு எரிகிறது, பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை

கேள்வி: எனக்கு வயது 52. மாதவிடாய் நின்று ஒன்றரை ஆண்டாகிறது. ஆறு மாதமாக நாக்கின் நுனியும் மேலண்ணமும் சூடுபட்டதுபோல் எரிகின்றன. காலையில் அவ்வளவாக இல்லை. பொழுது சாயச் சாயத் தாங்க முடிவதில்லை. ரசம்கூட ஊற்றிக்கொள்ள முடியவில்லை. பார்த்தால் புண் எதுவும் இல்லை. பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் கேட்கவில்லை. வீட்டில் ‘எல்லாம் மனப்பிரமை’ என்கிறார்கள். புற்றுநோயாக இருக்குமோ?

பதில்: மனப்பிரமை இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு இதை முதலில் படித்துக் காட்டுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள், காலையில் குறைந்து மாலையில் ஏறும் அந்தப் போக்கு உட்பட, ‘வாய் எரிச்சல் நோய்’ என்பதோடு அப்படியே பொருந்துகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் இது அதிகம்.

வாயின் உட்சவ்விலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனை உணரும் ஏற்பிகள் இருக்கின்றன. கர்ப்ப காலத்தில் பல் துலக்கினாலே ஈறில் ரத்தம் கசிகிறதே, அதுவும் ஹார்மோன் செய்யும் வேலைதான். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜென் குறையும்போது சிலருக்குச் சவ்வு மெலிந்து, வாய் வறளும். எரிச்சலோ பெரும்பாலும் நாக்கின் நுண்நரம்புகளில் ஏற்படும் கோளாறு. அதனால்தான் பார்வைக்கு எதுவும் தெரிவதில்லை.

ஆனாலும் ‘வயதாகிவிட்டது, ஹார்மோன்’ என்று சொல்லி யார் அனுப்பிவைத்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்ற காரணங்கள் இல்லையென்று உறுதியான பிறகே அப்படிச் சொல்ல முடியும். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12, சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். ஏற்கெனவே பி காம்ப்ளக்ஸ் சாப்பிட்டிருப்பதால் பி12 அளவு சரியாக இருப்பதுபோலக் காட்டலாம். மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். எனலாப்ரில் போன்ற சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் நாக்கு எரியும். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

பல் மருத்துவர் சிறு கண்ணாடியைக் கன்னத்தின் உட்புறம் வைத்து நகர்த்துவார். அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சவ்வில் ஒட்டிக்கொண்டால் உமிழ்நீர் போதவில்லை என்று அர்த்தம். வெள்ளைப் படலம் இருந்தால் துணியால் துடைத்துப் பார்ப்பார். துடைத்தால் வந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று, அதற்கு மருந்து உண்டு.

இன்னொன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: பாக்கு போடும் பழக்கம் உண்டா? பாக்கினால் உட்சவ்வு இறுகி, காரம் பட்டாலே எரிந்து, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும் நோய் வேறு. அது புற்றுநோயாக மாறக்கூடியது. மூன்று வாரமாகியும் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தட்டுப்படும் கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. இவை எதுவும் இல்லாத வெறும் எரிச்சல் புற்றுநோயின் அடையாளம் அன்று.

இந்த எரிச்சலுக்காக மட்டும் ஹார்மோன் மாத்திரையை நான் பரிந்துரைப்பதில்லை. உறுதியான பலன் இதுவரை தெரியவில்லை. குளோனசெபாம் மாத்திரையை வாயில் கரைய வைத்துத் துப்பும் முறை பலருக்கு உதவுகிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே. அதுவரை ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பானை விடுங்கள், நுரை அதிகம் வராத பற்பசைக்கு மாறுங்கள், ஐஸ் துண்டைச் சப்புங்கள். குறைய மாதக் கணக்கில் ஆகலாம்.

அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய் நோய்களுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பல்செட் இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.