300 வோல்ற் ஸ்பைக்கில் எவ்வளவு சக்தி இருக்கிறது?

கேள்வி: அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊர்ப் பக்கம் தோட்டம் செய்கிறேன். ஒருவர் "தானே ஓடும் மோட்டர்" ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். 12 வோல்ற் 7 அம்பியர்-மணி பற்றரி இரண்டு. ஒன்று மோட்டரை ஓட்ட, மோட்டர் மற்றதைச் சார்ஜ் பண்ணுகிறது. பகல் முழுக்க ஓடியது. ஒசிலோஸ்கோப்பில் (மின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) 300 வோல்ற் வருவதையும் காட்டினார். கிணற்றுப் பம்பிக்கு ஏற்றாற்போல் பெரிதாகச் செய்து தர முற்பணம் கேட்கிறார். எப்படிச் சோதிப்பது?

பதில்: அந்த 300 வோல்ற் பெரும்பாலும் உண்மைதான். பிழை, அதை வாசிக்கும் விதத்தில் இருக்கிறது.

பகல் முழுக்க ஓடியதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பற்றரியில் 84 வாட்-மணி இருக்கிறது. காட்சிக்கு வைக்கும் சிறு மோட்டர் 0.3 அம்பியர் இழுத்தால் 3.6 வாட். எதுவுமே திரும்பி வராமல் 20 மணிநேரத்துக்கு மேல் ஓடும். அரைக் குதிரைவலுப் பம்பிக்குத் தண்டில் மட்டும் 373 வாட் வேண்டும். அதற்கு இதே பற்றரி 14 நிமிடம்கூடத் தாங்காது.

இனி அந்த 300 வோல்ற் ஸ்பைக், அதாவது கணநேரம் எகிறும் வோல்ற்றளவு. மோட்டரிலுள்ள சுருளின் தூண்டுதிறன் (இன்டக்ரன்ஸ்) 10 மில்லிஹென்றி என்று வைப்போம். 12 வோல்ற் கொடுத்தால் ஓட்டம் சாய்வாக ஏறி 0.83 மில்லிசெக்கனில் 1 அம்பியரைத் தொடும். உள்ளே போனது 5 மில்லியூல். ஓட்டத்தை விட்டு நிறுத்தும் திரான்சிற்றர் அணைந்ததும் சுருள் 300 வோல்ற்றுக்கு எகிறும். ஆனால் அந்த ஓட்டம் 33 மைக்ரோசெக்கனில் பூச்சியமாகிவிடும். கணக்குப் போட்டால் அதே 5 மில்லியூல். வோல்ற்றளவு 25 மடங்கு, நேரம் 25இல் ஒரு பங்கு. சுருளின் தடை, டயோட், சுற்றும் சில்லு எல்லாம் எடுப்பதைக் கழித்தால் மிஞ்சுவது இன்னும் குறைவு. இன்னொன்று: 300 வோல்ற் தெரிவது சார்ஜ் ஆகும் பற்றரியைக் கழற்றி வைத்திருக்கும்போது. அதை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்பைக் 30 வோல்ற்றுக்குள் சுருங்கும்.

அளப்பதற்கு ஓட்டும் பற்றரியின் மைனஸ் வயரில் 0.1 ஓம் தடையொன்றைத் தொடராகப் போடுங்கள். இரண்டு புரோப்பின் எர்த் கிளிப்பும் பற்றரி மைனஸில். முதல் புரோப் பற்றரி பிளஸில், இரண்டாவது தடையின் சுற்றுப் பக்க முனையில். இரண்டையும் ஸ்கோப்பே கணத்துக்குக் கணம் பெருக்க வேண்டும். முழுச் சுற்றுகளுக்குச் சராசரி எடுத்துப் பத்தால் பெருக்கினால் உள்ளே போகும் வலு வாட்டில் வரும். எர்த் கிளிப் இரண்டும் ஸ்கோப்புக்குள் ஒன்றாக இணைந்தவை. சார்ஜ் ஆகும் பற்றரியின் மைனஸ் இத்தகைய சுற்றுகளில் பெரும்பாலும் ஓட்டும் பற்றரியின் பிளஸில்தான் இருக்கும். ஒரு கிளிப்பை இங்கும் மற்றதை அங்கும் மாட்டினால் பற்றரி ஸ்கோப் வழியே சோர்ட் ஆகும். ஆகவே வெளியே வருவதை, கிளிப்புகளை ஒரே புள்ளிக்கு மாற்றி, தனியாக அளக்க வேண்டும்.

வழமையான சறுக்கல் ஆர்எம்எஸ் (வர்க்கங்களின் சராசரிக்கு எடுக்கும் வர்க்கமூலம்). மேலே சொன்ன சுருள் செக்கனுக்கு 100 தடவை துடித்தால் சராசரி ஓட்டம் 0.04 அம்பியர், ஆர்எம்எஸ் ஏறத்தாழ 0.17. உள்ளே போவதைச் சராசரியிலும் வெளியே வருவதை ஆர்எம்எஸ்ஸிலும் கணக்கிட்டால் காற்றிலிருந்து நாலு மடங்கு வலு பிறக்கும்! அமெரிக்காவில், போட்டதைவிடக் கூடுதலாகத் தரும் என்று ஜோசப் நியூமன் சொன்ன இயந்திரத்தை 1986இல் அந்நாட்டுத் தேசிய தர நிர்ணயப் பணியகம் அளந்தபோது, சோதித்த எல்லா நிலைகளிலும் வெளியே வந்ததைவிட உள்ளே போன வலுவே அதிகம்.

அளக்கப் போடும் அந்த 0.1 ஓம் தடை சீமெந்துத் தடையாக இருக்கக் கூடாது, உள்ளே கம்பி சுற்றியிருக்கும். ஒரு சென்ரிமீற்றர் கம்பிக்கே சுமார் 10 நானோஹென்றி. 1 அம்பியர் 100 நானோசெக்கனில் மாறினால் அதிலேயே 0.1 வோல்ற் பொய்யாக எழும், அதாவது இல்லாத 1 அம்பியர். அலையின் உச்சி திரைக்கு வெளியே வெட்டுப்பட்டாலும் சராசரி பிழையாகிவிடும். கரையோர உப்புக்காற்றில் பற்றரிக் கவ்விகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். வோல்ற்றளவைக் கவ்வியில் எடுக்காமல் பற்றரித் தலையிலேயே எடுங்கள்.

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளை யாரும் தெரிந்திருந்தால் ஸ்கோப் வேலையை ஒப்படைக்கலாம். ஸ்கோப்பே இல்லையா? அந்த 0.1 ஓம் தடையின் சுற்றுப் பக்க முனையிலிருந்து 10 கிலோஓம் தடையொன்று, அதன் மறுமுனைக்கும் பற்றரி மைனஸுக்கும் குறுக்கே 10 மைக்ரோபரட் கப்பாசிற்றர். அந்தக் கப்பாசிற்றரில் சாதாரண மல்டிமீற்றரை வைத்தால் சராசரி ஓட்டம் ஆடாமல் தெரியும். பற்றரி வோல்ற்றளவு அதிகம் ஆடாததால் இதுவே போதுமான அளவு சரி.

நாங்கள் என்றால் இவ்வளவு அலைவடிவத்துக்கும் முன்னால் பற்றரிகளைக் கழற்றச் சொல்லுவோம். அவற்றின் இடத்தில் 2.7 வோல்ற் 100 பரட் சுப்பர்கப்பாசிற்றர் (மிகப் பெரிய கொள்ளளவுள்ள கப்பாசிற்றர்) ஆறு தொடராக, அப்படி இரண்டு கட்டு. கப்பாசிற்றரில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை வோல்ற்றளவே சொல்லிவிடும். ஓட்டும் கட்டை 13 வோல்ற்றுக்கும் மற்றதை 11க்கும் ஏற்றி மோட்டரை விடுங்கள். முதலாவது 11க்கு இறங்கும்போது ஏறத்தாழ 400 யூல் செலவாகியிருக்கும்; சிறு மோட்டருக்கு இரண்டு நிமிடமும் ஆகாது. அவர் சொல்வது சரியென்றால் இரண்டாவது 13ஐத் தாண்ட வேண்டும். கட்டுகளை இடம் மாற்றி மறுபடியும் செய்யுங்கள், கப்பாசிற்றர்களின் அளவு வித்தியாசம் அடிபட்டுப்போகும். பெட்டிக்குள் வேறு பற்றரி இல்லையென்று மூடியைத் திறந்து பார்த்த பிறகுதான் இதையெல்லாம் தொடங்க வேண்டும்.

"இதற்கு ஈயப் பற்றரிதான் வேண்டும்" என்பார். சரி. மீற்றரில் 12.7 காட்டுவதை நம்ப வேண்டாம். துடிப்பில் ஏறிய பழைய பற்றரி அப்படிக் காட்டிவிட்டுச் சில நிமிடத்தில் விழும். ஓட்டோவின் 5 வாட் பார்க் பல்ப் ஒன்றை எடுங்கள். முழுச் சார்ஜில் இரவு முழுக்க ஆறவிட்ட முதற் பற்றரியில் அதை 10.5 வோல்ற் வரை எரித்து நேரத்தைக் குறியுங்கள். உடனே சாதாரண சார்ஜரில் மறுபடி நிரப்புங்கள், வெறுமையாகக் கிடந்தால் ஈயத் தகடு கெடும். இரண்டாவதையும் பல்பால் 10.5 வரை இறக்கிவிட்டு, முதலாவது 10.5க்கு வரும்வரை மோட்டரை ஓட்டுங்கள். பிறகு இரண்டாவதில் பல்பு எத்தனை மணி எரிகிறது என்று பாருங்கள். முதலில் குறித்த நேரத்தை அது எட்டாதவரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.