மூலதனத்தை எங்கே தொடங்குவது?

மூன்று முறை எடுத்தும் கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' நூலின் முதல் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை, பேசாமல் அரசே வேண்டாம் என்ற ரஷ்ய அராஜகவாதி பக்கூனினுக்குத் தாவிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாவலாம். ஆனால் அதற்கு முன் ஒரு குறுக்குவழி இருக்கிறது, அதைச் சொன்னவர் மார்க்ஸேதான். 1867-இல் நண்பர் கூகல்மனுக்கு எழுதிய கடிதத்தில், கூகல்மனின் மனைவி வேலைநாள், கூட்டுழைப்பு, இயந்திரங்கள், ஆதித் திரட்டல் (முதலாளித்துவத்துக்கான முதல் செல்வம் எப்படிச் சேர்ந்தது என்ற கதை) பகுதிகளிலிருந்து தொடங்கட்டும் என்கிறார். வேலைநாள் அத்தியாயத்தைப் பிரியுங்கள்: தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகள், சாப்பாட்டு நேரத்தில் முதலாளி திருடும் நிமிடங்கள். சூத்திரமே தேவையில்லை.

பக்கூனினும் இந்தப் புத்தகத்தை மதித்தவர்தான். ரஷ்ய மொழிபெயர்ப்புக்கு முன்பணம் வாங்கி, முடிக்காமல் விட்டார் (அவருக்கும் முதல் அத்தியாயம் கசந்ததோ என்னவோ!). சுரண்டல் பற்றி இருவருக்கும் பெரிய சண்டை இல்லை. அரசு பற்றித்தான். தொழிலாளர் கைக்கு வந்தாலும் அரசு புதிய எஜமானர்களைத்தான் உருவாக்கும் என்றார் பக்கூனின். 1872 ஹேக் மாநாட்டில் அவரை அகிலத்திலிருந்து (பல நாட்டுத் தொழிலாளர் அமைப்புகளின் சங்கம்) நீக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், 1871 பாரிஸ் கம்யூனை, அதாவது அந்நகரத் தொழிலாளர்கள் சில வாரங்கள் நடத்திய ஆட்சியை, இரு தரப்பும் சொந்தம் கொண்டாடியது. பிரதிநிதிகளைத் திரும்ப அழைக்கலாம், அவர்களுக்குத் தொழிலாளியின் கூலிதான் என்ற ஏற்பாட்டை மார்க்ஸும் மெச்சினார்.

அதனால் அடுத்து மார்க்ஸின் 'பிரான்சில் உள்நாட்டுப் போர்', அப்புறம் பக்கூனினின் 'அரசியமும் அராஜகமும்'. சரக்கு (விற்பனைப் பண்டம்) பற்றிய அந்த முதல் அத்தியாயம் எங்கும் ஓடிவிடாது.